ஞானாம்பிகை வாசித்த உறுதி

ஞானாம்பிகைக்கு உறுதி வாசிக்கத் தெரியும். அவளைப் பற்றி முதலில் சொல்ல வேண்டியது இதுதான். சமையல் சுமார். வாய் கொஞ்சம் நீளம். மொன்றியலுக்கு வந்த புதிதில் பிரெஞ்சு வகுப்பில் மூன்று முறை பெயில். ஆனால் ஒரு காணி உறுதியைக் கையில் கொடுத்துப் பாருங்கள், யார் யாருக்கு எதை எழுதினார்கள், ஏன் எழுதினார்கள், எழுதிய அன்று வீட்டில் யார் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள் என்பது வரை சொல்லிவிடுவாள். சாவகச்சேரியில் காணிப் பத்திரம் எழுதும் அருமைநாதன் நொத்தாரிசின் கந்தோரில் பதினொரு வருடம் தட்டச்சு அடித்தவள் அல்லவா? பழைய உறுதிகளைத் தோண்டி, இந்தக் காணி யார் வழியாக யாருக்கு வந்தது என்று தேடிக் கொடுப்பதும் அவள்தான். நொத்தாரிசு கையெழுத்து மட்டும் வைப்பார்.

இப்போது அவளுக்கு அறுபத்தொரு வயது. புருசன் இறந்து ஒன்பது வருடம். மகள் தனுஷா லொங்குய்யில் ஒரு பல் வைத்தியரிடம் வரவேற்பாளர். ஞானாம்பிகைக்கு வேலை மொன்றியல் தீவின் மேற்கு முனையில், சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் ஒரு முதியோர் இல்லத்தில். உடுப்புத் தோய்த்து, காயவைத்து, மடித்து, பெயர் பார்த்து, அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெயர் பார்த்து வைப்பதில் அவள் பிழை விட்டதேயில்லை. வேறு ஆட்கள் செய்தால் முதலாம் மாடிக் கிழவரின் காற்சட்டை மூன்றாம் மாடிக் கிழவியின் அலுமாரிக்குள் கிடக்கும்.

ஆறு வருடத்துக்கு முன் ஒருநாள், பதினாலாம் அறைக்கு உடுப்புக் கொண்டுபோனபோது மேசையில் ஒரு கடதாசிப் பிரதி கிடந்தது. பழைய பிரெஞ்சுக் கையெழுத்து. வளைந்து நெளிந்து, அடியில் கையெழுத்துக்குப் பதிலாக மூன்று சிலுவை அடையாளம். ஞானாம்பிகை உடுப்புக் கூடையை நிலத்தில் வைத்தாள்.

"இது நொத்தாரிசு எழுதின உறுதி எல்லோ!" என்று தன்னை மறந்து தமிழிலேயே சொல்லிவிட்டாள்.

கட்டிலில் இருந்த மிஸ் மொறிசன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். எடித் மொறிசன், அப்போது எண்பத்துமூன்று வயது. கலியாணம் கட்டவில்லை. நகரத்துக்குள் ஒரு கப்பல் கொம்பனிக் கந்தோரில் நாற்பது வருடம் எழுதுவினைஞராக இருந்தவர். கூடப் பிறந்தவர்கள் இல்லை, ஒன்றுவிட்ட உறவுகளும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். "ஞாயிற்றுக்கிழமைகளில் மற்ற அறைகளில் இடம் காணாது. என் அறையில் மட்டும் கதிரை தாராளம்" என்று சொல்லித் தானே சிரிப்பார்.

இருவரும் இங்கிலீசில்தான் கதைத்தார்கள். ஞானாம்பிகையின் இங்கிலீசு கந்தோர் இங்கிலீசு. "மேற்படி", "இன்னாரின் மகள் இன்னார்" என்றெல்லாம் வரும். மிஸ் மொறிசனுக்கு அது பிடித்துப்போயிற்று.

விசயம் இதுதான். அமெரிக்காவில் விட்லோ குடும்பம் என்று ஒரு பெரிய கூட்டம். ஏபெல் விட்லோ என்ற தச்சன் 1636இல் இங்கிலாந்திலிருந்து கப்பலேறி மாசசூசெட்ஸ் காட்டுக்குள் போய்க் குடியேறியவன். அவன் சந்ததிக்கு ஒரு சங்கம், சங்கத்துக்குத் தலையணை மொத்தத்தில் ஒரு வம்சப் புத்தகம், அதில் பதினோராயிரம் பெயர். ஒரேயொரு கிளை மட்டும் மொட்டையாக நிற்கிறது. ஏபெலின் கொள்ளுப்பேத்தி பேஷன்ஸ். 1697 மாரிக் குளிரில், ஏழு வயதில், பிரெஞ்சுக்காரரும் அவர்களோடு சேர்ந்த பழங்குடி வீரரும் ஊரைத் தாக்கியபோது பிடிபட்டவள். பனிக்குள்ளால் நடத்தியே கனடாவுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். "அதன் பின் ஒன்றும் தெரியாது" என்று புத்தகம் முடித்துவிடுகிறது.

"நாங்கள் அந்தப் பிள்ளையின் வழி என்று அம்மா சொல்லுவார்" என்றார் மிஸ் மொறிசன். "அவருக்கு அவருடைய அம்மா சொன்னது. கையில் ஒரு சான்றும் இல்லை."

"இப்ப அதைத் தேடி என்ன செய்யப் போறியள்?"

மிஸ் மொறிசன் கொஞ்சம் வெட்கப்பட்டார். பிறகு சொன்னார். விட்லோ குடும்பத்துக்கு அந்த ஊரில் ஒரு பழைய மயானம் இருக்கிறது. கல் மதில் கட்டி, மேப்பிள் மரங்கள் வைத்து, முந்நூறு வருடமாகக் குடும்பத்தார் மட்டும் கிடக்கும் இடம். வழித்தோன்றல் என்று நிரூபித்தால் யாருக்கும் அங்கே இடம் உண்டு.

"உயிரோடு இருந்ததெல்லாம் தனியே. செத்த பிறகாவது நாலு பேருக்கு நடுவில் கிடக்க வேண்டும், ஞானா."

அவ்வளவுதான் அவர் கேட்டது. வேறு ஒன்றுக்கும் ஆசைப்பட்ட மனிசி இல்லை.

ஞானாம்பிகை அன்றைக்கே இறங்கிவிட்டாள். உறுதி எழுதும் பாஷை எந்த நாட்டிலும் ஒன்றுதான்; அதே வசனம், அதே சுற்றி வளைப்பு. முதல் பத்து உறுதிக்குத் தனுஷா பக்கத்தில் இருந்து பிரெஞ்சை உடைத்துக் கொடுத்தாள். பதினோராவதிலிருந்து ஆள் தேவைப்படவில்லை. பிடிபட்ட பிள்ளை பேஷன்ஸைக் கண்டுபிடிக்க ஒன்றரை வருடம் பிடித்தது. மொன்றியலில் மரி என்று ஞானஸ்நானம் கொடுத்து, லொங்குய்யில் பயிர் செய்த ஒரு கமக்காரனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கலியாணப் பதிவில் பாதிரியார் "இங்கிலீசுக்காரி, விட்லோவின் மகள்" என்று எழுதி வைத்திருந்தார். புண்ணியவான்!

அதற்கு முன் தேடியவர்கள் எல்லாரும் மகன்களைத் தேடித் தோற்றவர்கள். ஞானாம்பிகை காணியைத் தேடினாள். அது அவளுடைய வழி. யாழ்ப்பாணத்தில் காணி மகள் பின்னால்தான் போகும். சீதன உறுதியைப் பிடித்தால் தாய், மகள், பேத்தி என்று கோர்வையாக வரும். லொங்குய்க் கமக்காரனின் நிலம் எங்கே போனது என்று பார்த்தாள். 1748இல் ஒரு உறுதி. மரியும் புருசனும் தங்கள் வீட்டையும் நிலத்தையும் ழெனவியேவ் என்ற இருபது வயதுப் பெண்ணுக்கு எழுதிக் கொடுக்கிறார்கள். அவளுக்குக் கலியாணம் நடக்க மூன்று நாளுக்கு முன்! பெண்ணும் மாப்பிள்ளையும் அதே வீட்டில் இருந்து கிழவன் கிழவியைச் சாகும் வரை பார்க்க வேண்டும். சாப்பாடு, விறகு, ஒரு பால்மாடு, செத்தால் அடக்கச் செலவு.

ஞானாம்பிகை துள்ளிக் குதித்தாள். கலியாணத்துக்கு மூன்று நாள் முன் வீடும் காணியும் எழுதினால் அது சீதனம். சீதனம் என்றால் மகள். சீதன வீட்டில் தாய் தகப்பன் மகளோடு இருப்பது ஊர் வழக்கம். இதில் என்ன சந்தேகம்? அவள் என்ன உறவு என்று உறுதியில் எழுதவில்லை. பெண்ணின் தாய் தகப்பன் பெயர் இருந்திருக்க வேண்டிய கலியாண ஒப்பந்தம் ஈரத்தில் அழிந்துபோயிருந்தது. ழெனவியேவின் ஞானஸ்நானப் பதிவும் அகப்படவில்லை. எரிந்திருக்கும் என்று நினைத்தாள். எங்கள் பக்கத்தில் பதிவுகள் எரிந்து நாசமானது போல இங்கேயும் ஏதோ ஒரு நெருப்பு வராமலா இருந்திருக்கும்?

ழெனவியேவிலிருந்து கீழே இறங்குவது சுகமாக இருந்தது. தாயிலிருந்து மகள், மகளிலிருந்து பேத்தி, கடைசியில் மிஸ் மொறிசனின் தாய். ஒவ்வொருவருக்கும் ஒரு உறுதி, ஒரு பதிவு. முழுவதையும் தட்டச்சு அடித்து, அடியில் "நான் அறிந்தவரை உண்மை" என்று எழுதிக் கையெழுத்து வைத்தாள். அருமைநாதன் நொத்தாரிசு பார்த்திருந்தால் வாயைப் பிளந்திருப்பார். போன வருடம் செப்ரெம்பரில் சங்கத்தின் கடிதம் வந்தது. ஏற்றுக்கொண்டார்கள். கூடவே மயானத்தின் படமும் அடையாளமிட்ட ஒரு இடமும்.

மிஸ் மொறிசன் அந்தக் கடிதத்தைச் சுவரில் ஒட்டி வைத்தார். அதற்குப் பிறகு அவர் கதைத்ததெல்லாம் அயலைப் பற்றித்தான். இடப்பக்கம் யார், வலப்பக்கம் யார், கால்மாட்டில் யார். புது வீட்டுக்குப் போகிற ஆள் போல விசாரித்து வைத்திருந்தார்.

"வலப்பக்கத்தில் ஹிராம் விட்லோ. ஆலை வைத்திருந்தவராம்."

"அரிசி ஆலையோ? அமெரிக்காவிலயோ?"

"கோதுமை, கோதுமை! உனக்கு எல்லாம் அரிசிதான்" என்று அவரே சிரித்தார்.

"போற இடத்தில அயலோட கொழுவாதேங்கோ. பேந்து நான்தான் வந்து சமாதானம் செய்யோணும்" என்றாள் ஞானாம்பிகை. அவள் வாழ்க்கையில் செய்த காரியங்களில் உருப்படியாக நின்றது இது ஒன்றுதான் என்று அப்போது நினைத்தாள். வீடு போயிற்று, கந்தோர் போயிற்று, புருசன் போனார். இந்த ஒரு மனிசிக்கு ஆறடி இடம் தேடிக் கொடுத்திருக்கிறாள்.

ஜனவரியில் மிஸ் மொறிசனுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று வைத்தியர் சொன்னார். வசந்தத்தைப் பார்ப்பது சந்தேகம். "இடம் ஆயத்தமாக இருக்கிறது" என்று மட்டும் சொல்லிவிட்டு மிஸ் மொறிசன் தேத்தண்ணீர் கேட்டார். பயம் என்று ஒரு துளி இல்லை.

மார்ச்சில் அவருக்கு எண்பத்தொன்பதாவது பிறந்தநாள். அதற்கு ஏதாவது கொண்டுபோய்க் கொடுக்க வேண்டுமென்று ஞானாம்பிகை, ஒரு ஞாயிறு காலை, லொங்குய்யில் மகளின் குசினி மேசையில் கொம்பியூட்டரைத் திறந்து ழெனவியேவின் கலியாணப் பதிவைத் தேடினாள். கலியாணம் மாப்பிள்ளை வீட்டுப் பக்கக் கோயிலில் நடந்திருக்கலாமே என்று பக்கத்துத் தேவாலயப் பங்கின் பதிவேட்டைப் புரட்டினாள். சும்மா இருந்திருக்கலாம். சனியன், அகப்பட்டுவிட்டது.

"ழெனவியேவ், வயது இருபது. தாய் தகப்பன் அறியப்படாதவர். ஐந்து வயது முதல் மேற்படி மரியின் வீட்டில் வேலைக்கு நின்றவள்."

மூன்று தரம் வாசித்தாள். பிறகு மரியின் பங்குப் பதிவேட்டில் முப்பது வருடத்து ஞானஸ்நானங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாப் பக்கமும் இருந்தது. இங்கே ஒன்றும் எரியவில்லை. மரிக்குப் பிள்ளையே பிறக்கவில்லை. பிள்ளை இல்லாத கிழவன் கிழவி, தங்களைக் கடைசிவரை பார்ப்பதற்காக வேலைக்காரப் பெட்டைக்கு வீட்டை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இந்த நாட்டில் அப்படி எழுதுவது வழமையாம். பிள்ளை குட்டி இல்லாதவர்கள் யாருக்கும் எழுதுவார்களாம். ஞானாம்பிகைதான் அதைச் சீதனம் என்று வாசித்தவள்.

"என்னம்மா, முகமெல்லாம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள் தனுஷா.

சொன்னாள். தனுஷா பிரிஜ்ஜைச் சாத்திவிட்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"ஆருக்குத் தெரியும் இது?"

"எனக்குத் தெரியும்."

"அம்மா, நல்லாக் கேளுங்கோ. அவ இன்னும் ஒரு மாசம் இருப்பாவோ தெரியாது. வாயை மூடிக்கொண்டு இருங்கோ. அங்க கொண்டுபோய்ப் புதைக்கட்டும். செத்த ஆக்கள் எழும்பி வந்து 'நீ ஆர்' எண்டு கேக்கப் போறேல்லை."

"நான் கையெழுத்து வைச்சிருக்கிறன், பிள்ளை."

"உங்கட கையெழுத்து அவவின்ர நிம்மதியை விடப் பெரிசோ?"

ஞானாம்பிகை கொம்பியூட்டரை மூடினாள். பெரிசில்லை என்று வாயால் சொல்லியிருப்பாள். ஆனால் நாலு நாளும் உடுப்பு மடிக்கும்போது அந்த வசனம்தான் ஓடியது: நான் அறிந்தவரை உண்மை. பொய் உறுதி என்று தெரிந்துகொண்டு அதை அப்படியே விடுகிறவர்களை அவள் அந்தக் காலத்தில் மனிசராகவே மதித்ததில்லை. மிஸ் மொறிசனின் முகத்தைப் பார்த்து ஹிராம் விட்லோவைப் பற்றிக் கேட்டுச் சிரிக்கவும் முடியவில்லை. உண்மையைச் சொல்லத்தான் வேண்டும், ஒரு மனிசியைப் பொய்க்குள் புதைக்கக் கூடாது என்று தனக்குள் தீர்மானித்தாள். அதற்குள் தன்னுடைய பெருமையும் எவ்வளவோ இருந்தது. அதை அவள் அப்போது பார்க்கவில்லை.

வியாழக்கிழமை பின்னேரம் பதினாலாம் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, கதிரையை இழுத்துப் போட்டு, சுற்றி வளைக்காமல் சொன்னாள். பதிவின் பிரதியையும் காட்டினாள். மிஸ் மொறிசன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அந்த வரியை விரலால் தொட்டார். அந்தப் பழைய பிரெஞ்சுக் கையெழுத்தை அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனாலும் தொட்டார்.

"ஆக, நான் அந்த வேலைக்காரப் பெண்ணின் வழி."

"ஓம்."

"அவளுடைய தாய் தகப்பன்?"

"தெரியாது. எழுதேல்லை."

"தேடினால்?"

"தேட ஒண்டும் இல்லை, மிஸ் மொறிசன். அதோட முடிஞ்சுது."

வெளியே கூரையிலிருந்து பனி உருகிச் சொட்டியது. மிஸ் மொறிசன் சுவரிலிருந்த கடிதத்தைக் கழற்றச் சொன்னார். ஞானாம்பிகை மெதுவாகக் கழற்றி மடித்துக் கையில் கொடுத்தாள்.

"எனக்கு இன்னும் எவ்வளவு நாள் என்று உனக்குத் தெரியும்தானே?"

"தெரியும்."

"பொறுத்திருக்கலாமே, ஞானா."

கத்தவில்லை. கோபிக்கவும் இல்லை. இதைச் சொல்லிவிட்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஐயோ, ரெண்டு ஏச்சு ஏசியிருந்தால் கூடத் தாங்கியிருக்கலாம் என்று ஞானாம்பிகை பஸ்ஸில் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். போன கையோடு சங்கத்துக்கும் எழுதினாள். பிழை என்னுடையது, ழெனவியேவ் மகள் அல்ல, சான்று இணைத்திருக்கிறேன் என்று எழுதி, கையெழுத்து வைத்து, தபாலில் போட்டாள்.

அடுத்த நாள் பதினாலாம் அறைக்கு உடுப்பு வேறு ஆள் கொண்டுவரட்டும் என்று மிஸ் மொறிசன் சொல்லிவிட்டார். இல்லத்தின் சமூக சேவகியைக் கூப்பிட்டு ஒரு பத்திரமும் நிரப்பினார். மற்றவர் குடும்பத்துக்குள் களவாகப் போய்ப் படுக்கத் தனக்கு விருப்பமில்லை என்று அந்தப் பெண்ணிடம் சொன்னாராம். எரிக்கட்டும், சாம்பலை எங்கேயாவது போடட்டும், பூசை ஒன்றும் வேண்டாம். ஞானாம்பிகை இரண்டு முறை கதவடியில் போய் நின்றாள். உள்ளே போகத் துணிச்சல் வரவில்லை. பிறந்தநாளுக்கு ஒரு கேக் வாங்கித் தாதியிடம் கொடுத்தனுப்பினாள். அது தொடப்படாமல் திரும்பி வந்தது.

பதினோராம் நாள் காலை, இவள் வேலைக்குப் போனபோது பதினாலாம் அறையின் கட்டில் விரிப்புகள் கழுவுவதற்குக் கீழே வந்திருந்தன. அப்படித்தான் தெரிந்துகொண்டாள். விடியப்புறம் போய்விட்டாராம். பக்கத்தில் ஒருவரும் இல்லையாம். ஈமச்சேவைக் கொம்பனிக்காரர் வந்து கொண்டுபோய்விட்டார்கள்.

சங்கத்தின் பதில் ஏப்ரலில் வந்தது. ஒரு பக்கம்தான். செயலாளர் தன் கையாலேயே எழுதியிருந்தார். உங்கள் நேர்மைக்கு நன்றி. புத்தகத்தில் பிழையைத் திருத்திக்கொள்வோம். ஆனால் ஒருமுறை கொடுத்த இடத்தைத் திருப்பி எடுப்பது எங்கள் வழக்கமில்லை. எங்கள் பேஷன்ஸுக்குக் கடைசிவரை சாப்பாடு கொடுத்து அடக்கம் செய்தவளின் வழி என்றால், அந்தப் பெண்மணியை நாங்கள் எப்படி வெளியே விடுவது? மிஸ் மொறிசனை எப்போது கொண்டுவருகிறீர்கள் என்று அறியத்தரவும்.

ஞானாம்பிகை கடிதத்தைத் தோய்க்கும் அறையில் நின்றே வாசித்தாள். பிறகு நிலத்தில் இருந்துவிட்டாள். மெசின் நின்று கனநேரமாகியும் எழும்பவில்லை. எழுத வேண்டிய இடத்துக்கு முதலில் எழுதிக் கேட்டிருக்கலாம். ஒரு மாதம் வாயை மூடிக்கொண்டு பதிலுக்குக் காத்திருக்கலாம். மகள் சொன்னதைக் கேட்டிருக்கலாம். உறுதி வாசிக்கத் தெரிந்த வாய்க்கு ஒரு மனிசியிடம் எப்போது எதைச் சொல்வதென்று தெரியவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

சாம்பல் எங்காவது இருக்குமல்லவா? இருந்தால் தானே கொண்டுபோய் மாசசூசெட்ஸில் வைத்துவிடலாம். தொலைபேசியை எடுத்து ஈமச்சேவைக் கொம்பனிக்கு அடித்தாள். ஒரு ஆண்குரல், மரியாதையான பிரெஞ்சு. இவள் தன் அரைப் பிரெஞ்சில் பெயரும் திகதியும் சொன்னாள்.

"நீங்கள் அவருக்கு என்ன உறவு, மதாம்?"

"உறவு இல்லை. இல்லத்தில வேலை செய்யிறன்."

"மன்னிக்க வேண்டும். குடும்பத்தாருக்கு மட்டும்தான் விபரம் சொல்லலாம்."

வீட்டுக்குப் போய் இரண்டு நாள் யோசித்தாள். மூன்றாம் நாள் இடைவேளையில் திரும்பவும் அடித்தாள். அதே குரல்தான் எடுத்தது. நல்லவேளை, ஆளை அடையாளம் காணவில்லை. என்ன உறவு என்று கேட்டபோது, தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு பதிவுக்காரனிடம் பொய் சொன்னாள்.

"மகள்."

மறுபக்கத்தில் கடதாசி புரளும் சத்தம் கேட்டது.

"மதாம், இறந்தவர் தானே நிரப்பிக் கையெழுத்து வைத்த பத்திரம் என் முன்னால் இருக்கிறது. பிள்ளைகள் இல்லை, உறவினர் ஒருவரும் இல்லை என்று எழுதியிருக்கிறார். சாம்பல் போன மாதமே பொது இடத்தில் மற்றவர்களுடையதோடு கலந்தாயிற்று" என்றார். வேறு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டு, நல்ல நாளாகட்டும் என்று சொல்லி வைத்துவிட்டார்.